மருதாணிக் கட்டு

கை வலி என்று வருகிறவளின் கையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் லாமிசி ஒரு வேர்க்கடலையைக் கொடுக்கிறாள். ஓடு நீக்காத, இரண்டு பருப்புள்ள கடலை. "உடை" என்கிறாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஓட்டை நொறுக்கிவிட்டால், "இது வெறும் அலுப்பு. போய்த் தூங்கு" என்று அனுப்பிவிடுவாள். வந்தவள் பல்லால் கடிக்கப் போனால் கையில் ஒரு தட்டு விழும். "வலி பல்லுலயா இருக்கு? கையால உடை." கடலை உடையாமல் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தால் மட்டும், தன் பாயில் நகர்ந்து இடம் கொடுப்பாள்.

அவள் என் தங்கை. என்னைவிட நான்கு வயது இளையவள். தமாலே நகரத்திலிருந்து வடக்கே போகும் சாலையில், வேப்பமரத்துக்குக் கிழக்கே என் சைக்கிள் பழுதுபார்க்கும் கொட்டகை, மேற்கே அவள் பாய். நடுவில் பதினோரு அடி. அதனால் இங்கே எழுதியிருப்பது எல்லாம் நான் நேரில் கண்டதும் கேட்டதும்தான். தங்கை என்பதற்காக ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

அவளிடம் இருக்கும் சாமான்கள் குறைவு. ஒரு தண்ணீர்ப் பானை, இரண்டு சுரைக்குடுக்கை, மூடி போட்ட தகர டப்பாவில் ஷியா வெண்ணெய், கொஞ்சம் இஞ்சி, கல்லுப்பு கட்டிய துணி மூட்டை, அதைச் சூடாக்க ஒரு கரியடுப்பு. உப்பு மூட்டையை யார் முதுகில் வைப்பதானாலும் முதலில் தன் முழங்கையின் உள்பக்கத்தில் வைத்து, வாய்க்குள் ஐந்துவரை எண்ணுவாள். பொறுக்கவில்லை என்றால் ஆற வைப்பாள். "என் கைக்குச் சுடுறது உன் முதுகுக்கு மட்டும் குளிருமா?"

வறட்டுக் காற்று வீசும் மாதங்களில் தலைவலிக்காரர்கள் அதிகம் வருவார்கள். கிழங்கு விற்கும் யாக்குபு ஒரு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"லாமிசி, தலை பிளக்குது. ஏதாவது வேர் கொடு."

"காலையிலேர்ந்து எத்தனை குடுக்கை தண்ணி குடிச்ச?"

"டீ குடிச்சேன்."

"நான் டீயைக் கேட்கலை."

"தண்ணி... நேத்து குடிச்சேன்."

"அப்ப வேரையும் நேத்தே கொடுத்து முடிச்சுட்டேன். உட்காரு. ரெண்டு குடுக்கை. மெதுவா குடி, மாடு மாதிரி உறிஞ்சாதே."

அரை மணி நேரத்தில் வலி இறங்கிவிட்டது. யாக்குபுவுக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. வெறும் தண்ணீரில் குணமானதை வீட்டில் எப்படிச் சொல்வது என்ற கவலை. "ஒரு சின்ன வேராவது கொடுத்திருக்கலாம்" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டுப் போனான்.

சில வலிகளை அவள் தொடவே மாட்டாள். நெஞ்சில் வலி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், கர்ப்பிணிக்குத் தலைவலி, திடீரென்று ஒரு பக்கம் மரத்துப் போவது. இவர்களை உட்காரக்கூட விடமாட்டாள். "அண்ணே, வண்டி!" என்று ஒரு குரல்தான். நான் சாலையில் இறங்கி முச்சக்கர வண்டியை மறித்து, மருத்துவமனைக்கு ஏற்றி அனுப்ப வேண்டும். சென்ற வருடம் இப்படி இருபத்து மூன்று பேர். என் கொட்டகைத் தூணில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தி, "இவளுக்கு வைத்தியம் தெரியாது, அதான் விரட்டுறா" என்று ஊரெல்லாம் சொன்னாள். லாமிசி காதில் அது விழுந்தது. "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல நான் எத்தனை வருஷம் பழகியிருக்கேன், அது அவளுக்குத் தெரியாது" என்றாள்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அவள் வாய் நீளம். கடையில் விற்கும் மசாலாக் கட்டிகள் அவளுக்கு ஆகாது. சூப்பில் நான்கு கட்டி போடுகிற பெண்களைக் கண்டால் விடமாட்டாள்.

"ருசி நாக்கோட போயிடும். உப்பு காலுக்கு இறங்கி வீங்கும். புளிக்க வெச்ச தவாதவாக் கொட்டையைப் போட்டா என்ன?"

"அது நாறுதுக்கா. என் புருஷன் மூக்கைப் பொத்திக்கிறார்."

"மூக்கைப் பொத்தினா வாய் தானா திறக்கும். அப்ப ஊட்டிடு."

மலச்சிக்கலுக்கு அயோயோ கீரை, பிள்ளை பெற்றவளுக்கு இஞ்சி போட்ட கம்பங்கஞ்சி, களைப்புக்கு முருங்கைக்கீரை, எல்லாருக்கும் மாலையில் நடை. அவளுக்கும் ஒரு குறை உண்டு. நான் டீயில் நான்கு கட்டி சர்க்கரை போட்டால், ஒன்றும் பேசாமல் இரண்டை எடுத்துவிடுவாள். எடுத்த இரண்டையும் தன் டீயில் போட்டுக்கொள்வாள்.

அவளிடம் வரும் பெண்களில் பாதிப் பேர் ஷியா பிசைகிறவர்கள். எங்கள் பக்கத்துப் பெண்களின் தொழில் அது. வறுத்து அரைத்த கொட்டை விழுதைப் பெரிய பேசினில் போட்டு, தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் கையால் அடித்துப் பிசைய வேண்டும். கறுத்த விழுது வெளுத்துக் கொழுப்பு மேலே எழும்வரை நிறுத்தக் கூடாது. தொடங்கிய கைதான் முடிக்க வேண்டும், கை மாறினால் வெண்ணெய் எழாது என்பது ஷியாக் கொட்டகைப் பெண்களின் உறுதியான நம்பிக்கை. அதனால் நடுவில் வலித்தால் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு முடிப்பார்கள். வலித்த இடத்தில் அந்த வெண்ணெயையே தேய்த்துக்கொண்டு அடுத்த பேசினில் உட்காருவார்கள். "வலியை வேலையிலேயே கரைச்சிடணும்" என்பார்கள்.

லாமிசி பதினெட்டு வருடம் அவர்களிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள். "கைக்கு ஓய்வு கொடு." ஒருத்தியும் கேட்கவில்லை. வேரைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், தைலம் கொடுத்தால் தேய்த்துக்கொள்வார்கள். ஓய்வை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. வாசலிலேயே மாமியார், "என்னடி சும்மா உட்கார்ந்திருக்கே?" என்று பிடுங்கிவிடுவாள்.

பிறகு எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. மணப்பெண்ணின் தோழிகள் மருதாணி வைத்து, கையைத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் எடுத்து வா என்று அவர்களை யாரும் ஏவவில்லை. மாப்பிள்ளையின் தாய், எங்கள் ஊரிலேயே கடுமையானவள், களியைக் கீரைச் சாற்றில் தொட்டு அவர்களுக்கு வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். லாமிசி சமையல் இடத்தில் அகப்பையோடு நின்று அதையே பார்த்தாள். சாறு பொங்கி வழிந்தது, அதையும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் அவள் பாயில் மருதாணிக் கிண்ணம் வந்து சேர்ந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை புதுக் கட்டு. தண்ணீர் படக் கூடாது, வேலை தொடக் கூடாது. மணிக்கட்டு மடங்காமலிருக்க ஒரு மூங்கில் பட்டை, இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். அதைச் சீவி ஓரத்தை வழவழப்பாக்கித் தருவது நான்.

"மருதாணி வலியைப் போக்குமான்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"கேட்டா உள்ளதைச் சொல்லுவேன் அண்ணே. இதுவரைக்கும் யாரும் கேட்கலை."

மெமுனா வந்தது சென்ற வறட்டுக் காற்றின்போது. இருபத்து நான்கு வயது, முதுகில் ஆறு மாதக் குழந்தை. கடலை அவள் விரலிலிருந்து மூன்று தரம் விழுந்தது. மூன்றாவது தரம் விழுந்ததும் அவள் அழத் தொடங்கினாள்.

"நேத்து இவனைக் குளிப்பாட்டும்போது நழுவிட்டான் அக்கா. கட்டைவிரல் இருக்கிறதே தெரியலை. பிடிச்சுட்டேன், ஆனா இந்தக் கையால இல்ல, முழங்காலால."

லாமிசி கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கியிருந்தது. இப்படி வற்றி, கடைசியில் கரண்டிகூடப் பிடிக்க முடியாமல் போன இருவரை எங்களுக்குத் தெரியும்.

"இருபத்தோரு நாள் கட்டணும். அதுக்கும் சரியாகலைன்னா மருத்துவமனை. இடையில ஒரு நாள்கூடப் பிசையக் கூடாது."

"மூணு நாள் போகலைன்னா என் இடத்துல வேற ஒருத்தி உட்கார்ந்துடுவா. வெளியில நாலு பேர் காத்துட்டிருக்காங்க. அத்தைகிட்ட எப்படிச் சொல்வேன்?"

அவள் சொன்ன அத்தை, மாமியார் அடிசா. மெமுனா பிசையும், பன்னிரண்டு பேசின்கள் உள்ள ஷியாக் கொட்டகைக்கு அவள்தான் தலைவி. நாற்பது வருடத்தில் ஒரு பேசினையும் பாதியில் விட்டதில்லை என்பது அவள் பெருமை. மருமகளுக்குச் சலுகை காட்டினாள் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே மெமுனாவை மற்றவர்களைவிட அதிகம் வேலை வாங்குவாள்.

"கைக்கு மருதாணி வைத்தியம்னு சொல்லு. லாமிசி கட்டினதுன்னு சொல்லு. அதுக்கு மேல சொல்லாதே" என்று சொல்லி லாமிசி கட்டிவிட்டாள்.

எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு தரம் கட்டு மாற்றினார்கள். ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு அடிசாவே நடந்து வந்தாள். அந்த நேரத்தில் அவள் கைகள் முழங்கைவரை விழுதாக இருக்க வேண்டும். அன்று காய்ந்து சுத்தமாக இருந்தன. நான் ஒரு பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

முறைப்படி விசாரிப்பு நடந்தது. வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, குளிர் எப்படி. லாமிசி ஒவ்வொன்றுக்கும் குனிந்து பதில் சொன்னாள். பிறகு அடிசா உட்காராமலே மருதாணிக் கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"எனக்கு மருதாணி தெரியாதுன்னு நெனச்சியாடி? என் கல்யாணத்துக்கு வெச்சேன், என் பொண்ணுங்க கல்யாணத்துக்கு வெச்சேன். ஒரே ராத்திரியில பிடிச்சிடும். உன் மருதாணி மட்டும் ஏன் இருபத்தோரு நாள் பிடிக்குது?"

என் கையிலிருந்த ஸ்பேனர் நின்றுவிட்டது.

"மருதாணி கைக்குக் கொஞ்சம் குளிர்ச்சி, அத்தை. அவ்வளவுதான்."

"அப்ப வலியைப் போக்குறது எது?"

"கட்டு. கட்டியிருந்தா வேலை செய்ய முடியாது. வேலை செய்யலைன்னா ஆறும்."

"ஆக, சும்மா உட்கார வைக்கிறதுக்குத்தான் இவ்வளவு நாடகம்."

"ஆமா."

"எங்கிட்ட நேராச் சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

ஓர் ஆடு வந்து தண்ணீர்ப் பானையில் வாயை வைக்கப் பார்த்தது. இருவரும் அதை விரட்டவில்லை. நான் போய் விரட்டிவிட்டு வந்தேன். அடிசா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"விட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

லாமிசி தண்ணீர்ப் பானையை மூடினாள்.

"அவளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்குல்ல?"

"இருக்கு அத்தை."

"இருக்கட்டும். அவ பேசினைக் கவிழ்த்து வெச்சிருக்கேன். கவிழ்த்த பேசின்கிட்ட எவளும் வந்து உட்கார மாட்டா. உட்கார்ந்தா எங்கிட்டதான் பேசணும்." அடிசா சாலைப் பக்கம் பார்த்தாள். குரல் இறங்கியது. "பக்கத்துல என்னோடதையும் கவிழ்த்துட்டுதான் வரேன்."

பிறகு உட்கார்ந்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்ற முடியாமல், முழங்கையை ஊன்றி உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். விரல்கள் முழுதாக நிமிரவில்லை. கட்டைவிரல்களின் அடியில் சதையே இல்லை, குழிதான் இருந்தது. எத்தனை வருடத்துக் குழி என்று சொல்ல முடியாது.

"மருதாணியோ, கட்டோ. எதுக்கு நாள் அதிகமோ அதைப் போடு."

லாமிசி மருதாணிக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினாள். எத்தனை நாள் கட்டினாலும் அந்தச் சதை திரும்பாது; துணியையும் எடுக்கவில்லை. அந்த இரண்டு கைகளையும் பற்றித் தன் மடியில், உள்ளங்கை மேலாக, வைத்துக்கொண்டாள்.