விரிசல் விட்ட டியூப்

பேய், சாமியாட்டம்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போய்டுவேன், எனக்கு அதுல நம்பிக்கையே கிடையாது. அஞ்சாங்கிளாஸ் படிச்சவ, நாலு பேர் எதிர்ல வாய் திறக்க வெக்கம், அதனால எழுதி வெக்கறேன், நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

ஆம்பூர்ல பஷீர் பாயோட நியான் போர்டு பட்டறையில பெருக்கற வேலை எனக்கு. கண்ணாடி டியூபை எழுத்தா வளைச்சு, உள்ள இருக்கற காத்தை உறிஞ்சி, பெரிய டிரான்ஸ்பார்மர்ல இருந்து கரண்டை ஏத்திச் சூடாக்கி, அப்புறம்தான் கேஸ் அடைப்பாங்க. அந்த ஒயர்ல கை பட்டா ஆள் மிச்சமில்ல. அதனால ஒயரைத் தொடறதுக்கு முன்னால கரண்ட் நிக்கறதுக்காக பாய் பீஸ் கட்டையைப் பிடுங்கி என்கிட்ட கொடுப்பார், நான் முந்தானையில முடிஞ்சுக்குவேன், அவரா வந்து கேட்டாத்தான் தருவேன். "என் உசுரு அங்க இருக்குது, மறந்து துவைக்கப் போட்டுடாதீங்கம்மா"ன்னு கிண்டல் பண்ணுவார், மூணு சின்னப் பொண்ணுங்களோட தகப்பன்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போச்சு. பெங்களூர் ஓட்டல் போர்டு சாயங்காலம் போகணும், டைம் கம்மின்னு பக்கத்து ஷூ கம்பெனி ஜெனரேட்டர்ல இருந்து லைன் இழுத்தாங்க. சூடேத்தறப்போ ஒரு டியூப் விரிசல் விட்டு அணைஞ்சு போச்சு, காத்து புகுந்தா எரியாது. பாய் பீஸ் கட்டையைப் பிடுங்கிக் கொடுத்தார், முடிஞ்சுக்கிட்டேன். கட்டைதான் வெளிய வந்தாச்சேன்னு சுவிட்சை யாரும் அணைக்கல. பாய் ஒயரைக் கழட்டப் போனார்.

அப்போ செவுத்து ஆணியில தொங்கற பழைய டியூப் எரிஞ்சது. அதுவும் எப்பவோ விரிசல் விட்டது, ஒயரே கிடையாது. குங்குமம் கரைச்ச மாதிரி, மூச்சு விடற மாதிரி, மெதுவா செவந்துச்சு. பயமே வரல, கோயில்ல திரை விலகறப்போ நிப்போமே, அப்படி நின்னேன். அப்புறம்தான் பாயோட கை நீள்றது கண்ணுல பட்டது.

"பாய், கை வெக்காதீங்க."

பட்டறையில என் குரலை அன்னிக்குத்தான் எல்லாரும் கேட்டாங்க. பாய் கையை இழுத்துக்கிட்டார்.

"இன்னாம்மா, கட்டை உங்ககிட்டதானே இருக்குது?"

முந்தானையைத் தொட்டுப் பாத்தேன், இருந்தது. செவுத்தைக் காட்டினேன், அதுக்குள்ள அணைஞ்சிருந்துச்சு. எதுக்கும் பாத்துடலாம்னு பாய் எர்த் ஒயர் கட்டின கழியை அந்த ஒயர்கிட்ட நீட்டினார், பட்டுன்னு நீலப் பொறி பறந்துச்சு. அவசரத்துல ஜெனரேட்டர் லைனைப் பீசுக்கு அந்தாண்ட, டிரான்ஸ்பார்மர் பக்கமா சேத்துட்டாங்களாம், கட்டை என்கிட்ட இருக்க, கரண்ட் அது பாட்டுக்கு ஓடியிருக்குது. பாய் தரையிலயே உக்காந்துட்டார்.

மறுநாள் அந்தப் பழைய டியூபுக்கே ஒயர் மாட்டி முழுக் கரண்டும் விட்டுப் பாத்தார். எரியல. இப்போ ஜெனரேட்டர் லைனுக்கும் ஒரு கட்டை வெச்சிருக்காங்க, முந்தானையில ரெண்டு முடிச்சு போடறேன்.

டியூப் அதே ஆணியிலதான் தொங்குது. நேத்து பெருக்கறப்போ பாத்தேன், அந்த விரிசல் வழியா எறும்பு வரிசையா உள்ள போய் வந்துக்கிட்டிருந்துச்சு.