மணி கேட்டால் எந்தப் பக்கம்

சைக்கிளில் போகும்போது யாராவது குறுக்கே வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்காபரோவில் பழைய ரயில் பாதையொன்றைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். அன்று அதில் மேப்பிள் இலைகள் ஈரமாக உதிர்ந்து கிடந்தன. முன்னால் நடந்த முதியவருக்கு மணியடித்துவிட்டு, இந்த நாட்டு வழக்கப்படி இடப்பக்கமாக முந்தினேன். அவரும் இடப்பக்கமே ஒதுங்கினார். "ஐயோ அம்மா" என்று விழுந்தேன்.

எழும்பாமலேயே, "உன் நாட்டுக்கே திரும்பிப் போ" என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

அவர் கைகொடுத்துத் தூக்கினார். "குறை நினைக்காதேங்கோ தம்பி. ஊரிலை பெல் கேட்டா இடப்பக்கம்தானே ஒதுங்கிறனாங்கள். நான் வந்து ஒரு மாசந்தான்."

என் முழங்கையில் ஒட்டிய இலையைத் தட்டிவிட்டு நடந்தார்.

நான் வந்த புதிதில், இதே பிழைக்கு ஒருவன் இதே வார்த்தைகளால் என்னைத் திட்டினான். இருபது வருடமாகியும் அவனை நான் மன்னிக்கவில்லை.