வாகியெம் அடித்த மருந்து

கர்தோசாரி கிராமத்தில் இரண்டு சந்தை நாளுக்கு ஒருமுறை, விடிந்ததும் ஊரே சேர்ந்து நெல்லுக்கு மருந்தடிக்கும். ஒருத்தர் விட்டுவிட்டால் மற்ற வயல் பூச்சியெல்லாம் அவர் வயலில் குடியேறிவிடும் என்று பேச்சு. அதனால் முதுகில் டேங்க் இல்லாமல் அன்றைக்கு வரப்பில் நிற்பவரை, துணி இல்லாமல் நிற்பவரைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள்.

வாகியெம் தவறாமல் டேங்கோடு நின்றாள். சேறு மிதித்து வளர்ந்த, நாற்பத்துமூன்று வயதுக் கால்கள். காலையில் வயல், மதியம் சந்தையில் தெம்பே என்ற சோயாக்கட்டி வறுவல் வியாபாரம். புருஷன் ஜுமாதிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து மருந்தடிப்பதும் அவள் தலையில். மருந்து வாங்குவது மட்டும் அவன் வேலை. வாங்கி வந்து, அதன் பெருமையைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதும் அவன் வேலைதான்.

நிலம் அவர்களுடையது அல்ல. நிலக்காரர் ஹர்சோனோவிடம், விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கு எடுத்தது. போன போகம் புகையான் என்கிற பூச்சி தின்று, பயிர் அடுப்பில் வாட்டியதுபோல் காய்ந்து போயிற்று. ஹர்சோனோ கோபப்படவில்லை. கிராம்புச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நிலத்தை வேற ஆளுக்குக் கொடுத்துருவேன், வாகியெம். மனசுல வெச்சுக்க."

அவள் மனதில் வேறொன்றும் இருந்தது. ஊரில் அதிகம் மருந்தடித்தது அவள்தான். முதலில் கருகியதும் அவள் வயல்தான். கருகாமல் நின்றது மீன்குட்டை ஓரத்து நாலு பாத்தி மட்டும். மீன் செத்துவிடும் என்று ஜுமாதி அங்கே அடிக்கவே விடமாட்டான். அந்தப் பாத்தியில் களை பறிக்கக் குனிந்தால் தூருக்குத் தூர் எட்டுக்கால் பூச்சி ஓடும். மற்ற இடத்தில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. புகையான் முட்டையைத் தண்டுக்குள்ளே செருகி வைக்கிறது. மருந்து அங்கே போவதில்லை. வெளியே புகையானைத் தின்று காவலுக்கு நிற்கிற எட்டுக்கால் பூச்சிதான் சாகிறது. பிறகு குஞ்சு பொரித்தால் கேட்பாரில்லை.

இதை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். ஹர்சோனோவிடம் சொன்னால் சோம்பேறிப் பேச்சு என்பார். ஆகவே வாகியெம் சொல்லவில்லை. இந்தப் போகம் டேங்கைச் சாம்பல் போட்டு நாலு தரம் கழுவினாள். வாய்க்கால் தண்ணீரை ரொப்பினாள். மருந்து வாசனை வேண்டுமே என்று தலைத்துணியில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டு, வயல் நெடுக விசுக் விசுக்கென்று அடித்தாள்.

"நல்லா குனிஞ்சு அடி புள்ள, தூர்ல படட்டும்!" என்று எதிர் வரப்பிலிருந்து ஹர்சோனோ கத்துவார்.

"ஒரு சொட்டு வீணாப் போகாதுய்யா!" என்பாள் அவள்.

ஜுமாதி வாங்கி வந்த பாட்டில்கள் மூடி திறக்காமல் ஆட்டுக்கொட்டகைப் பரணுக்குப் போயின. நடுவில் இலைச்சுருட்டுப் புழு வந்து இலையெல்லாம் வெள்ளைக் கோடாகக் கிழிந்தபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பரண் வரைக்கும் ஏறிவிட்டு இறங்கினாள். பத்து நாளில் புது இலை வந்து மூடிக்கொண்டது.

நட்ட எழுபதாம் நாள் வாக்கில் ஊர் வயல்களில் புகையான் பட்டுப் பயிர் வட்டம் வட்டமாகப் பழுத்துக் காய ஆரம்பித்தது. வாகியெம் வயலிலும் வடக்கு மூலையில் ஒரு பாய் அளவுக்குக் காய்ந்தது. அதோடு நின்றுவிட்டது.

ஒரு காலை ஹர்சோனோ வந்தார். முதுகில் வெறும் டேங்க். அவர் சொந்தமாகப் பயிரிடும் வயலில் நடவு இருபது நாள் பிந்தியது. தூரில் இப்போதுதான் புகையான் தெரிய ஆரம்பித்திருந்தது.

"எந்த மருந்து அடிச்ச? பேரைச் சொல்லு."

ஜுமாதி இடுப்பைப் பிடித்துக்கொண்டே முந்தினான். "நான் வாங்கினதுங்கய்யா. மூடி செகப்பா இருக்கும். என் கைராசி!"

பேசாமல் தலையாட்டியிருந்தால் நிலம் தங்கியிருக்கும். ஹர்சோனோவும் போய் அதையே அடித்துத் தன் பயிரைக் கெடுத்துக்கொண்டிருப்பார். வாகியெம் கொட்டகைக்குப் போய், மடி நிறையப் பாட்டில்களோடு திரும்பி, அவர் முன்னால் வரிசையாக வைத்தாள். ஆறு சிவப்பு மூடி. ஒன்றும் திறந்ததில்லை.

"அடிச்சது வாய்க்கால் தண்ணிங்கய்யா. வாசனைக்குத் தலைத்துணியில ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய்."

"அடிப்பாவி!" என்றான் ஜுமாதி. "கடையில நான் பேசின பேச்செல்லாம் என்னாவுறது?"

"லஸ்த்ரி அப்பா, நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க," என்று மகள் பேரைச் சொல்லிப் புருஷனை அடக்கினாள் வாகியெம்.

ஹர்சோனோவின் முகம் இறுகியது. "ரெண்டரை மாசமா என் கண்ணு முன்னாடியே கூத்து கட்டியிருக்க."

"ஆமாங்கய்யா. நெசத்தைச் சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா? குனிஞ்சு தூரைப் பாருங்க. அப்புறம் நிலத்தை யாருக்கு வேணா கொடுங்க."

அவர் கைலியை ஏற்றிக்கொண்டு இறங்கினார். ஒரு தூரை விரித்தார். இன்னொன்றை விரித்தார். பின்பக்கம் முட்டைப் பையைக் கட்டிக்கொண்டு ஒரு எட்டுக்கால் பூச்சி அவர் விரல் மேலேயே ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போயிற்று. வாயிலிருந்த சுருட்டு அணைந்ததுகூடத் தெரியாமல் வெகுநேரம் குனிந்தே நின்றார்.

மேலே வந்தவர் முதுகிலிருந்த டேங்கைக் கழற்றி வாகியெம் காலடியில் வைத்தார்.

"நாளைக்குச் சந்தை நாள். ஊரே வரப்புல நிக்கும். என் வயலுக்கும் வந்து அடிச்சுட்டுப் போ."

"எதைங்கய்யா?"

"உன் மருந்தைத்தான்," என்றார். நாலடி போய்த் திரும்பினார். "அந்த மண்ணெண்ணெயை மறந்துராத."