பிறப்பிடம் எழுதாத அக்கா

சுவிஸ் நாட்டின் ஊஸ்டர் நகரை வதிவிடமாகக் கொண்டிருந்த எங்கள் அக்கா மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மடலில் பிறப்பிடம் விடுபட்டதென்று அச்சகத்தில் குறை சொல்ல வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஓர் ஊர். பெயர் போட வேண்டாம் என்பது அக்காவின் சொல்.

தகப்பனை இழந்த வீட்டில் மூத்தவராக நின்று, சண்டைக்குள் எங்களை இழுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தவர். இங்கே முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை செய்து தம்பியையும் என்னையும் ஆளாக்கினார். ஓய்வு நாளென்று ஒன்றை அவர் அறிந்ததில்லை. பழைய தொழிற்சாலை ஒன்றைக் கோயில் மண்டபமாக மாற்றியபோது, சனி ஞாயிறுகளில் சுவர் சுரண்டி, வர்ணம் பூசி, நிலம் தேய்த்தார். திறப்புவிழாவுக்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. கேட்டால், முழங்கால் நோ என்பார். நாங்களும் நம்பினோம்.

தம்பியைப் பார்க்க அமெரிக்கா போனபோதுதான் உண்மை தெரிந்தது. பொஸ்டனில் கறுப்பின மக்கள் ஆதியில் வாழ்ந்த குன்றுத் தெருக்களைத் தம்பி சுற்றிக் காட்டினான். அவர்களின் பள்ளிக்கூடம், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களை ஒளித்து வைத்த வீடு, தங்கள் கையால் கட்டிய கூட்ட மண்டபம். அதன் திறப்பு நாளில் கீழ் இருக்கைகளை ஆதரவு தந்த வெள்ளையருக்கு ஒதுக்கினார்களாம். கட்டியவர்கள் மேல்மாடத்தில் இருந்தார்களாம். வழிகாட்டி சொன்னதைத் தம்பி தமிழில் சொன்னான். அக்கா மெதுவாகப் படியேறி, அந்த மேல்மாடத்தில் போய் இருந்துவிட்டார்.

"என்னையும் இப்பிடித்தான் மேல அனுப்பினவை" என்றார்.

எங்கள் கோயில் மண்டபத் திறப்புவிழாவன்று அதன் சமையலறையில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாராம். வந்திருந்த ஓர் அம்மா ஊரைக் கேட்டிருக்கிறார். பிறகு, "ஊரில எவடம்?" என்றிருக்கிறார். எந்த இடம் என்று கேட்பதுபோல் இருந்தாலும், சாதியை நேரே கேட்கக் கூச்சப்படுகிற எங்கள் ஆட்களின் கேள்வி அது. அக்காவுக்கு ஒளிக்கத் தெரியாது, சொல்லிவிட்டார். சற்று நேரத்தில், எங்கள் வீட்டில் பலநாள் உண்டு உறங்கிய அக்காவின் உயிர்த்தோழி வந்தார்.

"அக்கா, நீங்கள் கனக்கக் கஷ்டப்பட்டிட்டியள். சமையலை நாங்கள் பாக்கிறம். மேல மாடியில போய் இருங்கோ."

"நான் வெட்டின பூசணிக்காயைக் குப்பைப் பையில போட்டவை. மேல இருந்து பாத்தனான்" என்றார் அக்கா.

"ஏன் எங்களிட்டச் சொல்லேல்லை?" என்று நான் கத்தினேன்.

"இந்தச் சனத்துக்கு வெள்ளைக்காரன் செய்தவன். சொல்லி அழலாம். எனக்கு ஆர் செய்ததெண்டு சொல்லுறது?"

இது துரோகம். வேறு மென்மையான சொல் தேடி அலைய எனக்கு மனமில்லை.

அந்தத் தோழி போன கிழமை தொலைபேசியில் அழைத்தார். "திவசச் சாப்பாட்டை மண்டபத்திலயே வைப்பமே?" என்றார். வேண்டாம் என்றேன்.

கடைசி மாதங்களில் வீடு வந்து பராமரித்த தாதியருக்கும், அக்காவின் கையால் வாங்கிச் சாப்பிட்ட பக்கத்துவீட்டுச் சுவிஸ் அம்மாவுக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி.

இன்றைய சாப்பாட்டில் பூசணிக்காய்க் கறி உண்டு. அதை வெட்டியது அக்காவின் தங்கையாகிய நான். எவடம் என்று கேளாத அனைவரும் இருந்து சாப்பிடும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.