மெட்ராஸிலிருந்து திரும்பிய பூனை

நான் விமானத்தில் போயிருக்கிறேன். மடியில் என் பூனையோடு போயிருக்கிறேன். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. "அஞ்சாவதோட நின்னவன் ஏரோப்ளேன்ல போனானாம், அதுவும் பூனையோட" என்பார்கள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவன் நான், அதனால் பதில் சொல்வதில்லை. ஆனால் போனது போனதுதான். நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும்.

அப்போது நான் சின்னப் பையன். முத்தியால்பேட்டையில் பெரியப்பா வீட்டில் இருந்தோம். அப்பா வேலை பார்த்த மில் மூடிக்கிடந்தது. பெரியப்பாவுக்கு முனிசிபாலிட்டியில் வேலை. அவர் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. அதனால் அவர் சொன்னதுதான் நடக்கும். அவர் எதிரில் அப்பா உட்காரக்கூட மாட்டார். சுவரில் சாய்ந்து நின்றபடி "சரிண்ணா" என்பார். அப்பா வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான்.

என் பூனை மல்லி. கறுப்பு உடம்பில் அங்கங்கே வெள்ளை. குருசுக்குப்பத்து மீன்காரம்மா தெருமுனையில் திரும்பும்போதே அதற்குத் தெரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா தட்டில் இருந்த சங்கரா மீன் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. எங்கள் வீட்டில் மீன் தலை பெரியப்பாவுக்கு மட்டும்தான். அப்பாகூட அதைத் தொட்டதில்லை.

"இந்தச் சனியன் இனிமே இந்த ஊட்ல இருக்கக் கூடாது."

"சரிண்ணா."

வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டி, வழி தெரியாமலிருக்க நாலைந்து தெரு சுற்றி, தூரத்தில் கொண்டுபோய் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா சைக்கிளில் கொண்டுபோய்த் தட்டாஞ்சாவடியில் விட்டார். மறுநாளே வந்துவிட்டது. அடுத்து ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பத்தில் விட்டார். சில நாள் கழித்து, காதில் ஒரு காயத்தோடு வந்து அடுப்பு ஓரம் படுத்துக்கொண்டது.

என் மாமா, அம்மாவின் தம்பி, லாசுப்பேட்டை விமானத் திடலில் வேலையாக இருந்தார். மெட்ராசுக்குப் போய்வரும் சின்ன விமானத்தில் பெட்டி ஏற்றுவார். ஓடுபாதையில் மாடு மேய்ந்தால் விரட்டுவார். அவர்தான் யோசனை சொன்னார்.

"தரையில இட்டுனு போனா மோப்பம் புடிச்சி வந்துடும். ஆகாசத்துல ஏது மோப்பம்? எனக்கு வருசத்துக்கு ஒருவாட்டி ரெண்டு பேருக்குப் பாஸ் குடுக்கறாங்க. மெட்ராஸ்ல விட்டுட்டு வந்துடறேன்."

பெரியப்பாவுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. மல்லி வேறு யார் தூக்கினாலும் கையைக் கிழித்துவிடும். என்னிடம் மட்டும் சும்மா இருக்கும். "நான்தான் எடுத்துனு வருவேன்" என்றேன். இன்னொரு பாஸ் இருந்ததால் யாரும் மறுக்கவில்லை. மெட்ராசில் போய் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. மல்லியை விடப்போவதில்லை என்பது மட்டும் தெரியும்.

விமானம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊர் டெம்போவுக்கு இறக்கை வைத்ததுபோல இருந்தது. பாதி இருக்கைகள் காலி. மல்லி கோழிக்கூடைக்குள், மேலே ஒரு துண்டு கட்டி, என் மடியில். விமானம் உறுமத் தொடங்கியதும் மல்லி போட்ட சத்தத்தில் முன்னால் இருந்த வெள்ளைக்கார அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். துண்டுக்குள் கையைவிட்டு அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது என் விரலில் தெரிந்தது. மாமாவோ கண்ணை இறுக மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாஸ் கிடைத்தும் அத்தனை வருஷம் பெட்டிதான் ஏற்றியிருந்தாரே தவிர, அவரும் ஏறியதில்லை.

மேலே போனதும் காது அடைத்தது. மல்லி வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது. நானும் விட்டேன், காது திறந்தது. கீழே கடல் தகடுபோலக் கிடந்தது. புகை இல்லாத மில் புகைபோக்கி தெரிந்தது. அதை வைத்து எங்கள் தெருவைத் தேடினேன்.

மாமா மெல்லக் கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தார். "டேய், உங்க பெரியப்பன் எங்கடா? எறும்பு அளவுக்குக்கூட காணோம்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மனிதரை நினைத்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மெட்ராசில் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. கூடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எறங்குடா, வெளிய போய் விட்டுட்டு வந்துடலாம்."

"மாட்டேன்."

"வெளையாடாத. திரும்பிப் போற ஆளுங்க ஏறிடுவாங்க."

"ஏறட்டும். மல்லிய விட்டா நானும் இங்கியே இருந்துடுவேன். அம்மாகிட்ட நீயே போய் சொல்லு."

மாமா என் கையைப் பிடித்து இழுத்தார். மல்லி துண்டுக்கு வெளியே ஒரு காலை நீட்டி அவர் கையில் கோடு போட்டது. அவர் கையை உதறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க பெரியப்பன்கிட்ட நான் என்னடா சொல்றது?"

"விட்டுட்டோம்னு சொல்லு. ரெண்டு வாட்டி வந்த பூனை மூணாவது வாட்டி வராதா?"

மாமா என்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "பேசவே வராத பையன்னு சொல்றாங்களே உன்ன!"

அதே விமானத்தில் திரும்பினோம். லாசுப்பேட்டையில் படி இறங்கும்போது துண்டு நழுவி, மல்லியின் வால் வெளியே தொங்கியது. வேலிக்கு அப்பால் சைக்கிளைப் பிடித்தபடி அப்பா நின்றிருந்தார். எங்களையே பார்த்தவர், சட்டென்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். விமானத்தை வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என்னைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாமே என்று கோபம்கூட வந்தது.

ஒரு வாரத்துக்கு மேல் மல்லி மாமாவின் அறையில் பாலும் கருவாடும் தின்றுகொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் காலையில் மாமா அதை எங்கள் தெருமுனையில் இறக்கிவிட்டார். பெரியப்பா காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அது அவரைத் தாண்டி நேராக அடுப்படிக்குப் போயிற்று. டம்ளர் அவர் வாயருகே அப்படியே நின்றது.

"மெட்ராஸ்ல இருந்தா வந்துது?"

நான் தரையைப் பார்த்தேன். மல்லி போனபோது இருந்ததைவிடக் கொழுத்திருந்தது. யார் பார்த்தாலும் தெரியும்.

சுவரில் சாய்ந்திருந்த அப்பா நிமிர்ந்தார். அடுப்படிக்குப் போய் மல்லியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது அவர் கையைக் கீறியது, அவர் விடவில்லை. அதன் பாதத்தை விரித்துப் பெரியப்பாவிடம் காட்டினார்.

"பாருங்கண்ணா, நடந்து நடந்து எப்பிடித் தேஞ்சிபோயிருக்கு! வயிறு வேற வீங்கிப்போச்சி, பாவம். இதுக்கு மேல தொரத்தனா குடும்பத்துக்கு ஆவாதுண்ணா."

பெரியப்பா மல்லியைக் கும்பிடாத குறைதான். அந்த ஞாயிறு முதல் மீன் தலை மல்லிக்குப் போயிற்று.

அப்பாவையும் சேர்த்து ஏமாற்றிவிட்டோம் என்று மாமாவும் நானும் சிரித்துக்கொண்டோம். அந்த வீட்டில் பெரியப்பாவை எதிர்த்து நின்றவன் நான் ஒருவன்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.