பூனை மேனியில் பொன் தேடியவர்கள்

மடமை வெளிப்படுவதற்கும் நல்ல வெளிச்சம் வேண்டும். எங்கள் தெருவின் மடமை ஒரு தை மாத வெயிலில், ஒரு பூனையின் முதுகின்மேல் வெளிப்பட்டது.

அப்போது நான் கேரளத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் இளங்கலை இரண்டாமாண்டு மாணவி. பேச்சுப் போட்டிகளில் பாலக்காடு வரை சென்று வென்ற கோப்பைகள் எங்கள் வீட்டு அலமாரியில் அம்மாவின் மிளகாய்ப்பொடி டப்பாக்களோடு நெருக்கியடித்து நின்றன. மேடையில் எதிரணி என்று ஒன்று உண்டு. அது யோசிக்கும், தாக்கும், தோற்றால் தோற்றேன் என்று உட்காரும். மாலை பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிட்டால் எதிரணி கிடையாது. கூட்டம் மட்டுமே உண்டு.

பூனைக்கு உரியவர் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் டீச்சர். சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகள், கிறிஸ்தவர், மணமாகாதவர். ஒரு விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த ஒரு பூனையை மூங்கில் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்.

நிழலில் அது வெறும் பூனை. பழுப்பு மேனி, கரிய புள்ளிகள், அலட்சியமான வால். வெயிலுக்கு வந்தால் வேறாகிவிடும். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒளி ஏறும். பொற்பொடியைச் சல்லடையில் சலித்துத் தூவினாற்போல் இருக்கும். அது மூச்சு விடும்போது அந்த மினுக்கம் விலாவின்மேல் ஊர்ந்து போகும். உதிர்ந்த மயிர் ஒன்றை எடுத்து, என் கறுப்புக் குடையின் துணிமேல் வைத்துப் பார்த்தேன். அடி பழுப்பு, நுனி கண்ணாடிபோல் தெளிவு. விரலால் உருவினேன், நீரில் நனைத்தேன், ஒளி போகவில்லை. ஆகவே அது மயிரின்மேல் ஒட்டிய பொருளன்று, மயிரின் இயல்பு. இதை அறிய ஒரு குடையும் சிறிது பொறுமையும் போதும். எங்கள் தெருவில் குடைகள் நிறைய இருந்தன.

டீச்சர் வீட்டை ஒட்டி இருந்தது நகை செய்யும் பத்தரின் பட்டறை. இரண்டு கட்டடங்களும் ஒரே பண்ணாடிக்குச் சொந்தம். நிலபுலம் உள்ள பெரியவரை எங்கள் பக்கத்தில் பண்ணாடி என்பார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல் அவர் ஒருவரையே குறித்தது.

பட்டறைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அராவும்போதும் தேய்க்கும்போதும் தெறிக்கும் பொன்துகள் கண்ணுக்குத் தெரியாமல் தரையில் இறங்கும். அதற்காகவே தரையைச் சாணமிட்ட மண்தரையாக வைத்திருப்பார்கள். ஆண்டுக்கொரு முறை கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மண் அரிப்பவர்கள் வந்து, அந்தத் தரையைச் சுரண்டி, உலைச் சாம்பலோடு சேர்த்து விலைபேசி வாங்கிப் போவார்கள். மண்ணை அரித்தால் பொன் வரும். பத்தருக்கு அது நிச்சயமான வரவு.

முந்தைய ஆண்டு பண்ணாடி, பெர்மிட்டில் சிமெண்டு வாங்கித் தம் வீட்டு முற்றத்துக்குப் பூசியதுபோக மிஞ்சியதைப் பத்தரின் பட்டறைக்குத் தரை போடக் கொடுத்தார். சிமெண்டுக்குப் பெர்மிட் கிடைப்பதே ஒரு பதவி என்றிருந்த காலம் அது. பத்தர் பூரித்துப்போனார். செங்காவி கலந்து, முகம் தெரியும் அளவுக்கு வழவழப்பாகத் தரை போட்டார். மண்ணைச் சுரண்டும் வேலை இனி இல்லை, பெருக்கினாலே பொன் முழுதும் வந்துவிடும் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தை பிறந்து மண் அரிப்பவர்கள் வந்தார்கள். பெருக்கி வைத்திருந்த குப்பையில் ஒரு கை அள்ளி அரித்துப் பார்த்தார்கள். உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார்கள். பத்தர் வாசலில் நின்று அந்த பஸ் எழுப்பிய புழுதியைப் பார்த்தார். பிறகு பக்கத்துச் சுவரைப் பார்த்தார். அங்கே, தினமும் அவருடைய உமி உலையின் சூட்டுக்கு வந்து படுத்துப்போகும் பூனை, வெயிலில் தகதகத்துக்கொண்டிருந்தது.

விடை கிடைத்துவிட்டது. கேள்வியைச் சரியாகக் கேட்டுப் பார்க்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

பத்தர் பூனையைப் பிடித்து, விலாவில் ஒரு பிடி மயிரைக் கத்தரித்து, உரைகல்லில் உரைத்தார். கல்லில் ஒன்றும் விழவில்லை. உருக்கிப் பார்த்தார். தெரு முழுவதும் மயிர் கருகும் நாற்றம் அடித்தது. பொன் புகையோடு போய்விட்டது என்று முடிவாயிற்று. பெண்கள் ஈரத்துணியால் பூனையைத் துடைத்து, துணியைப் பிழிந்து, கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். கல்லூரிக்குப் போகும் வழியில் நான் இதையெல்லாம் கண்டேன். வாழ்நாளில் ஒருமுறைகூட ஒரு பொருளை உற்றுப் பார்த்திராதவர்கள், அந்த ஒரு வாரம் ஒரு பூனையை மட்டும் உற்றுப் பார்த்தார்கள். அப்போதும் அவர்களுக்குத் தெரிந்தது பூனை அன்று.

டீச்சர் பூனையைப் பழக்கி அனுப்புகிறார், மயிரில் ஒட்டிய பொன்னை இரவில் சீவி எடுத்துக்கொள்கிறார் என்ற பேச்சு எவரிடம் தொடங்கியது என்று தெரியவில்லை. அது பண்ணாடியின் காதுக்குப் போனது. அவர் நேரில் வந்தார். நான் அப்போது டீச்சரிடம் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன்.

"டீச்சருங், அந்தப் பூனையக் கொண்டுபோயி உங்க மலையிலயே உட்டுருங்க. இல்லீன்னா தை முடியறதுக்குள்ள ஊட்டெக் காலி பண்ணிருங்க. எனக்கொண்ணும் உங்க மேல கோவமில்லீங்க."

கோபமில்லாமல் ஒருவரைத் தெருவில் நிறுத்துவதை அவர் ஒரு பண்பாகவே கருதினார்.

டீச்சருக்கு வேறு வீடு கிடைக்காது. தனியாக வாழும் கிறிஸ்தவப் பெண்ணுக்கு எங்கள் ஊரில் எவரும் கதவு திறக்கமாட்டார்கள். சித்தூரில் தங்கி வரலாம் என்றால், காலை பஸ் பள்ளி மணி அடித்த பிறகே வந்து சேரும். வேலையை விட்டுவிட்டுச் சூரியநெல்லிக்குத் திரும்ப வேண்டும். தாய் நிற்கும் தேயிலை வரிசையில் கூடையைக் கட்டிக்கொண்டு தாமும் நிற்க வேண்டும். பூனையை அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்டேன். அனுப்பினால் களவை ஒப்புக்கொண்டதாகிவிடும், களவாணி என்ற பேரோடு பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்றார். அந்த ஒரு வாதத்தை நான் மதித்தேன்.

களத்துமேட்டில் ஊர்க்கூட்டத்தில் நான் பேசுவதாகச் சொன்னேன். அன்பினால் அன்று. அவ்வளவு கேவலமான ஒரு தர்க்கம் என் வீட்டுக்கு மூன்றாம் வாசலில் மறுப்பின்றி உலவுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. டீச்சர் மகிழவில்லை.

"நீ பேசினா செயிச்சிருவே, எனக்குத் தெரியும். தோத்தவுக எனக்கு வீடு தருவாகளாம்மா?"

மேடை ஏறாதவர்களின் அச்சம் என்று அதை ஒதுக்கினேன்.

கதிர் அடித்து முடிந்து, நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை காலை, கிழக்கே கணவாய் வழியாக வரும் காற்று முந்தானையைப் பறித்துக்கொண்டிருந்தது. பண்ணாடி நாற்காலியில், பத்தர் வைக்கோல் கட்டின்மேல், மற்றவர்கள் நின்றபடி. கூடையில் பூனை. அண்டாவில் தண்ணீர் வைத்து, நாம் தலைக்குத் தேய்க்கும் அரப்புத் தூளைக் குழைத்து, அந்தப் பூனையை எல்லோரும் பார்க்கத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அது என் முன்கையைக் கிழித்தது. அந்தக் கூட்டத்தில் நியாயமாக நடந்துகொண்ட ஒரே உயிர் அதுதான். கழுவிய நீரைப் பத்தரிடமே கொடுத்தேன். அவர் வடிகட்டினார். அரப்பும் மயிருமாக ஒரு பிடி சேறு கிடைத்தது. பூனையை வெயிலில் உலரவிட்டேன்.

உலர்ந்ததும் அது முன்னைவிட அதிகமாக மின்னியது.

ஒட்டிய பொருள் கழுவினால் போகும், இயல்பு கழுவினால் துலங்கும் என்று நான் முழக்கத்தைத் தொடங்குவதற்குள் பின்வரிசையில் ஒருவர் சொல்லிவிட்டார்.

"பாத்தீங்ளா, தங்கம் உள்ளார எறங்கீருச்சுங்க."

மற்றொருவர் பூனையின் வயிற்றைக் காட்டினார். அது உப்பியிருந்தது. நக்கி நக்கி உள்ளே சேர்த்துவைத்திருக்கிறது என்றார். அதை அறுத்துப் பார்த்தால் என்ன என்ற குரலும் வந்தது. டீச்சர் முன்னால் வந்து பூனையைத் தூக்கிக் கூடைக்குள் வைத்து, மூடியைச் சாத்தி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

நான் அடுத்த வாதத்துக்கு வந்தேன். புதுத்தரை போட்டது எப்போது என்று பத்தரைக் கேட்டேன். போன மாசியில் என்றார். மண்தரை இருந்த ஆண்டுகளில் பொன் குறைந்ததுண்டா? இல்லை. பட்டறைக் கதவு எந்தப் பக்கம் பார்த்தது? கிழக்கு. குனிந்து, காலடியில் கிடந்த பதரை ஒரு கை அள்ளி, காற்றில் விட்டேன். அது களத்தைத் தாண்டிப் பறந்தது. இன்னொரு கையை எடுத்து, ஈரச் சாணம் மெழுகிய இடத்தில் போட்டேன். அது அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"ஆண்டுதோறும் இதே காற்றில் இதே களத்தில் தூற்றுகிறீர்கள். பதரைக் கொண்டுபோகும் காற்று, வழவழத்த தரையில் கிடக்கும் பொன்துகளுக்கு மட்டும் வழிவிட்டு நிற்குமா? பத்தரின் பொன்னைத் தின்றது பூனை அல்ல. சிமெண்டு."

மேடையில் இதற்குக் கைதட்டல் கிடைத்திருக்கும். களத்தில் கிடைக்கவில்லை. பத்தர் தலையைத் தொங்கப்போட்டார், அவருக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் பண்ணாடியைப் பார்த்தார்கள். சிமெண்டு அவர் கொடுத்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அம்மிணி நல்லாப் பேசறீங்க. படிப்புன்னா இப்பிடித்தான் இருக்கோணும்." பிறகு டீச்சரிடம் திரும்பினார். "அந்த ஊடு எனக்கே வேண்டியிருக்குதுங்க. நெல்லுப் போட்டு வெக்கோணும்."

வாதம் இல்லாதவனுக்கும் வீடு இருக்கிறது. அதுதான் அவருடைய வாதம். மறுவாரம் பத்தர் தரையைக் கொத்தி எடுத்துச் சாணம் மெழுகினார். டீச்சர் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கினார். என் முடிவை ஏற்றுத் தரையைக் கொத்திய பத்தர் பட்டறையைக் காலி செய்யவேண்டாம். எதையும் மறுக்காத டீச்சர் வீட்டைக் காலி செய்யவேண்டும். இந்த ஊரின் நீதிக்கு வேறு சான்று எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அதற்குள் பூனை காணாமற்போனது. தேடியபோது, பண்ணாடி வீட்டுப் பத்தாயத்தில், நெல் கொட்டும் அந்தப் பெரிய மரப்பெட்டிக்குள், கிழிந்த சாக்கின்மேல் நான்கு குட்டிகளோடு படுத்திருந்தது. வயிற்றில் இருந்த தங்கம் அதுதான். கண் திறந்து சில நாள் ஆனதும் பண்ணாடியின் மனைவி குட்டிகளை முற்றத்துக்கு எடுத்து வந்தார். நான்கில் இரண்டு, தாயைப்போலவே, வெயிலில் நுனிக்கு நுனி மின்னின. பட்டறைப் பக்கமே போகாத குட்டிகள். பிறவியிலேயே வந்த மினுக்கம். களத்தில் நான் சொல்ல வந்ததற்கு இதைவிட நல்ல நிரூபணம் உலகில் இருக்க முடியாது.

நிரூபணத்தை எவரும் பார்க்கவில்லை. நெல்லுக்குள் பொன் பிறந்தது என்றார்கள். மகாலட்சுமி இடம் தேடி வந்துவிட்டாள் என்றார்கள். பூனையைக் கூறுபோடச் சொன்ன அதே குரல், தனக்கொரு குட்டி வேண்டும் என்று பத்தாயத்தின் முன் கைகட்டி நின்றது. பண்ணாடி தாமே டீச்சர் வீட்டுக்கு வந்தார். தாய் ஊரைவிட்டுப் போனால் குட்டிகளின் பலன் போய்விடுமாம். ஆகவே பூனை எங்கும் போகக்கூடாது. பூனை இருக்கவேண்டுமானால் டீச்சரும் இருக்கவேண்டும். நெல்லை அவர் வேறெங்காவது போட்டுக்கொள்வார்.

டீச்சர் சரி என்றார். ஒரு சொல்கூடத் திருத்தவில்லை. பண்ணாடி போனபின் நான் கொதித்தேன். களவுக்காகத் துரத்தியதும் லட்சுமிக்காக இருத்தியதும் ஒரே மடமை, இதை மறுபடி களத்தில் சொல்லியாகவேண்டும் என்றேன். டீச்சர் பெட்டியிலிருந்து சேலைகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒன் பேச்சு எனக்குப் பிடிக்கும். இனி நீ பேசாம இருந்தாத்தான் எனக்கு வீடு."

இதிலிருந்து நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ள இதில் எதுவும் இல்லை. உண்மையால் பெறவேண்டியதை ஒருவர் பொய்யால் பெற்றார். அவருக்கு வீடு தேவைப்பட்டது, அவ்வளவே.

பங்குனியில் குட்டிகளின் மேனியில் பஞ்சுபோல் மயிர் எழுந்து மினுக்கம் மங்கியது. ஊர் கலங்கியது. பிறகு பஞ்சு உதிர்ந்து மினுக்கம் திரும்பியது. ஊர் சூடம் கொளுத்தியது. அந்த நாட்களில் ஒரு காலை, பஸ்ஸுக்கு நின்ற என்னைப் பண்ணாடி கூப்பிட்டு நிறுத்தினார். கையில் ஒரு குட்டி. சுற்றிலும் ஆட்கள். பள்ளிக்குப் புறப்பட்ட டீச்சரும் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஏனுங் அம்மிணி, அன்னிக்கு அந்தப் பேச்சுப் பேசுனீங்களே. இப்பச் சொல்லுங்க, இது என்னதுங்க?"

என்னிடம் வாதம் இருந்தது, சான்று இருந்தது, சான்று அவர் கையிலேயே வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. டீச்சர் என்னைப் பார்க்கவில்லை; பள்ளி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு, குடைப்பிடியை இறுக்கியபடி நின்றார்.

"பூனைங்க," என்றேன்.

அதை அவர் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு உரக்கச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பஸ் வந்தது. நான் எந்த மேடையிலும் அவ்வளவு சுருக்கமாகவும் அவ்வளவு சரியாகவும் பேசியதில்லை. அவ்வளவு மட்டமான அவையின் முன்னும் பேசியதில்லை.