பூட்டுக்காரர் வைத்த பொறி

பூட்டுக்காரருக்கு நாற்பத்தெட்டு வயது. இத்தனை வருஷத்தில் அவர் நம்பியது ஒரே ஒரு ஆளைத்தான். அந்த ஆளுக்கு வயது எட்டு, செத்துப்போன தங்கையின் மகள். மற்றவர்களுக்கு அவர் முதுகுதான் கிடைக்கும். சாவி வெட்டும்போது யாராவது எட்டிப் பார்த்தால் மெஷினை நிறுத்திவிடுவார். வீட்டுப் பூட்டை வருஷத்துக்கு மூன்று தடவை மாற்றுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பத்து வருஷமாக அவர் கதவின் வெளிப்பக்கத்தை மட்டுமே பார்த்தவர்கள்.

அப்படிப்பட்டவருக்கு நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. குழந்தைக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, என்னிடம் ஒப்படையுங்கள் என்று அவளுடைய பெரியப்பா வழக்குப் போட்டிருந்தார். பூட்டுக்காரர் முதலில் நோட்டீஸே போலி என்று முடிவுகட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நிஜம்தான் என்று தெரிந்ததும் அதை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். வக்கீல் வைக்க வசதி இல்லை. வசதி இருந்திருந்தாலும் வைத்திருக்க மாட்டார், அந்த வக்கீலைக் கண்காணிக்க இன்னொரு வக்கீல் தேவைப்பட்டிருக்கும்.

நீதிமன்றத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டிருந்தார்கள். ‘வக்கீல் இல்லாதவர்களுக்கு உதவி, கட்டணம் கிடையாது’ என்று அட்டை தொங்கியது. மேசை வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்பெல்லாம் வக்கீல் இல்லாதவர்கள் எந்த அறை, எந்த ஜன்னல் என்று தெரியாமல் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, தேதியைக் கோட்டைவிட்டு, அழுதுகொண்டு போவார்கள். இப்போது சுவரெல்லாம் அம்புக்குறிகள், படிவமெல்லாம் பெரிய எழுத்து. மேசைக்குப் பின்னால் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

கட்டணம் கிடையாது என்ற வரியைப் படித்ததும் பூட்டுக்காரருக்குச் சந்தேகம் தலைதூக்கியது. சும்மா செய்கிறவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள்? எதிரே இருந்த பெஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்து வேவு பார்த்தார். இரண்டாம் நாள் மத்தியானம் பெரியப்பாவின் வக்கீல் அந்தப் பக்கமாக வந்தார், ஏதோ கேட்டார், டைப்பிஸ்ட் அம்மா சிரித்தபடி பேனாவை எடுத்து நீட்டினார். பூட்டுக்காரருக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

இந்த மாதிரி ஆட்களைப் பிடிக்க அவரிடம் ஒரு வித்தை இருந்தது. கடையில் முன்பு இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். கடை விஷயத்தை வெளியே சொல்வது யார் என்று கண்டுபிடிக்க, ஆளுக்கொரு பொய்யைச் சொல்லிவைப்பார். எந்தப் பொய் தெருவைச் சுற்றிவிட்டு அவர் காதுக்கே திரும்பி வருகிறதோ, அதைக் கேட்டவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. கடைசியில் இரண்டு பேருமே இல்லாமல் போனது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

“நான் வக்கீல் இல்லீங்க,” என்று ஆரம்பித்தார் டைப்பிஸ்ட் அம்மா. “வழக்குல என்ன பண்ணணும்னு நான் சொல்லக்கூடாது. நீங்க சொல்றதைக் கோர்ட்டுக்குப் புரியற மாதிரி எழுதித் தருவேன், அவ்வளவுதான்.”

பூட்டுக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். தங்கை போனது, பிள்ளை தன்னோடு இருப்பது, பள்ளிக்கூடம், சாப்பாடு. கடைசியில் பொறியை வைத்தார்.

“அடுத்த மாசம் பிள்ளையை வெளியூர் ஹாஸ்டல்ல சேர்த்துடப் போறேன்.”

பேனா நின்றது. “இது நிஜமா?”

“நிஜம்தான்.”

“இதை எழுதியே ஆகணுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“எழுதுங்க.”

எழுதி முடித்து ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினார். அவரும் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்த அம்மா, ஒரு நகல் நீதிபதிக்கு, ஒரு நகல் எதிர்த்தரப்புக்கு, ஒன்று உங்களுக்கு என்று நிதானமாக விளக்கினார். பூட்டுக்காரரின் கண்ணும் கருத்தும் மேசை இழுப்பறையில் தொங்கிய பித்தளைப் பூட்டின் மேல் இருந்தன. கொண்டை ஊசி போதும், அரை நிமிஷ வேலை. இதற்குள் யாருடைய ரகசியம் தங்கும் என்ற யோசனையில் அந்த அம்மா சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

“புரிஞ்சுதுங்களா?”

“புரிஞ்சுது, புரிஞ்சுது.”

விசாரணை நாளன்று பெரியப்பாவின் வக்கீல் எழுந்தார். “ஐயா, இவரே பிள்ளையை வெளியூர் ஹாஸ்டல்ல விடப்போறாராம். அப்படி விடறவர்கிட்ட அவ எதுக்கு இருக்கணும்? பெரியப்பா வீடு இருக்கு, பெரியம்மா இருக்காங்க.”

பூட்டுக்காரர் துள்ளி எழுந்தார். “பாருங்கய்யா. இதை நான் ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். கீழ மேசையில இருக்கற அம்மாகிட்ட. விஷயத்தை வித்துட்டாங்க.” கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமிதத்தில் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

நீதிபதி ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். “இது உங்க பதில் மனு. இதோட நகல் அவங்களுக்குப் போயே ஆகணும், அதுதான் முறை. கீழே இருக்கறது உங்க கையெழுத்துதானே?”

அவருடைய கையெழுத்துதான். யாரும் போலியாகப் போட முடியாதபடி மூன்று சுழி வைத்துப் போட்டிருந்தார்.

“அது பொய்ங்கய்யா,” என்றார். “ஹாஸ்டல்லாம் இல்ல. அந்த அம்மாவை நம்பலாமா வேண்டாமான்னு பார்க்கறதுக்குச் சொன்னது.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. “சோதிச்சுப் பார்க்க உங்களுக்குப் பிள்ளை விஷயம்தான் கிடைச்சுதா?” என்று கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். “மனுவைத் திருத்தி ரெண்டு மணிக்குக் கொண்டுவாங்க. அதோட ஒரு சாட்சியும் வேணும். வெறும் உங்க வார்த்தையை இனி நான் எப்படி எடுத்துக்கறது?”

வேறு போக்கிடம் இல்லை. அதே மேசை, அதே நாற்காலி. நடந்தது டைப்பிஸ்ட் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவர் திட்டவில்லை. புதுப் படிவத்தை எடுத்துவைத்து, ஒவ்வொரு வரிக்கும் தலையைத் தூக்கி, “இதாவது நிஜமா?” என்று கேட்டார். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னபோதும் கேட்டார், பிள்ளையின் வயதைச் சொன்னபோதும் கேட்டார். பூட்டுக்காரர் குறுகிப்போனார். ஒரு மனிதனை இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

“சாட்சி யாரு? உங்க வீட்டுக்குள்ள வந்து, பிள்ளை எப்படி இருக்கான்னு கண்ணால பார்த்தவங்களா இருக்கணும்.”

பக்கத்து வீடு, எதிர் வீடு, பள்ளிக்கூடத்து டீச்சர் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். ஒருவர்கூட வாசலைத் தாண்டியதில்லை. மணி ஒன்றரை ஆகிவிட்டது.

“ஒருத்தங்க வந்திருக்காங்க,” என்றார் கடைசியில். “பிள்ளையோட பெரியம்மா.”

“வழக்குப் போட்டவரோட சம்சாரமா?”

“ஆமா. போன மழையில பிள்ளைக்குக் காய்ச்சல். கூப்பிடாமலே வந்து நாலு நாள் இருந்தாங்க.”

“அவங்க புருஷனை வெச்சுக்கிட்டே உங்களுக்காகப் பேசுவாங்கன்னு நம்பறீங்களா?”

“இல்ல,” என்றார் பூட்டுக்காரர். “ஆனா வேற யாரையும் நான் உள்ள விட்டதில்லீங்க. எழுதுங்க.”

இரண்டு மணிக்குப் பெரியம்மாவை அழைத்தார்கள். கணவரின் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார்.

“நாலு நாள் அந்த வீட்டுல இருந்தேங்க,” என்றார். “மருந்து வாங்கப் போய்வர ஒரு சாவி குடுத்தார். மறு வாரம் பிள்ளையைப் பார்க்கப் பழம் வாங்கிட்டுப் போனேன், யாரும் இல்ல. சரி, உள்ள வெச்சுட்டு வரலாம்னு சாவியைப் போட்டேன், திரும்பல. நான் கிளம்பின அன்னைக்கே பூட்டை மாத்திட்டார்.”

பூட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் போயிற்று என்று நினைத்தார்.

“ஆனா ஒண்ணு சொல்லணும். பிள்ளை மருந்தே குடிக்க மாட்டேன்னுட்டா. நான் கெஞ்சிப் பார்த்தேன், நடக்கல. இவரு கடையைப் பூட்டிட்டு நாலு நாளும் அவ பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வேளையும் மருந்துல ஒரு சொட்டைத் தன் நாக்குல விட்டுப் பார்த்துட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, அப்புறம்தான் அவளுக்குக் குடுப்பார். டாக்டர் மேலயும் சந்தேகம். மாமா குடிச்ச மருந்துன்னா அவளும் குடிச்சிடுவா.” கணவர் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தார். “என்கிட்ட வந்தா நான் நல்லாத்தான் பார்த்துப்பேங்க. ஆனா அவ தேடறது இவரைத்தான்.”

கணவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா திரும்பிப் போய், நடுவில் ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்தார்.

பிள்ளை மாமாவிடமே இருக்கட்டும், பெரியம்மா வாரம் ஒருமுறை வந்து பார்க்கலாம் என்று உத்தரவாயிற்று. பூட்டுக்காரர் மேசைக்குப் போய், “உங்க இழுப்பறைப் பூட்டு சரியில்லீங்க, நல்லதா ஒண்ணு கொண்டுவரேன்,” என்றார். மன்னிப்பு என்ற பெயரில் அவருக்கு வந்தது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்து கதவைத் தட்டினார். பூட்டுக்காரர் திறந்து, புதிதாக வெட்டிய சாவியை அவர் கையில் வைத்தார்.

“இது திரும்புமாண்ணே?”

“போட்டுப் பாருங்கம்மா.”

பெரியம்மா உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினார், திறந்தார். மறுபடியும் பூட்டினார். உள்ளே பூட்டுக்காரரும் பிள்ளையும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் தடவையும் திறந்த பிறகுதான் பெரியம்மா செருப்பைக் கழற்றினார்.